பேஸ் மூன்று, மிடில் ஏழு

விடுதி ஜன்னலில் கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர் கிணுகிணுவென்று நடுங்கிய சத்தம்தான் முதலில். திருச்சியில், அறுபத்தேழில், பொருட்காட்சி மைதானம் எங்கள் கல்லூரி விடுதிக்கு எதிர்ப்புறம். நடுவில் ஒரு சாலை, ஒரு சுற்றுச்சுவர், நான்கு வேப்பமரம். மேடையில் பாடுகிறவர் குரல் அதையெல்லாம் தாண்டி வராது. குரல் மரத்தில் சிக்கிக்கொள்ளும், வயலின் சாலையோடு போய்விடும். சுவரைத் தாண்டி மாடி ஏறி, நான் யாப்பு நோட்டைத் திறந்து வைத்திருந்த மேசை வரை வந்தது ஒன்றே ஒன்றுதான். தும், தும், தூம். அது என் காதில் கேட்டது என்றுகூடச் சொல்ல முடியாது. டம்ளருக்குக் கேட்டது, டம்ளர் எனக்குச் சொன்னது. இரண்டு குறில், ஒரு நெடில் என்று நோட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டேன். அந்த வாத்தியத்துக்குப் பேர் பேஸ் கிட்டார் என்று தெரிந்துகொள்ள எனக்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது, கல்யாணம் வரைக்கும். இப்போது அதை ஏன் நினைக்கிறேன், முன்னால் இருக்கிற வேலையைப் பார்க்காமல். காலை பத்தே முக்கால். சாலிகிராமத்தில் ஒரு ஒலிப்பதிவுக் கூடம், ஏசி குளிர் முழங்கால் மூட்டுக்குள் இறங்குகிறது, செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்ததால் பாதம் சில்லிட்டுக் கிடக்கிறது. முன்னால் அந்தப் பழைய ஆம்ப்ளிஃபயர் பெட்டி. தச்சன் அடித்த பலகைப் பெட்டி, மேலே கறுப்பு ரெக்சின், வரிசையாக நான்கு குமிழ். வால்யூம், பேஸ், மிடில், ட்ரெபிள். ட்ரெபிளின் குமிழ் எப்போதோ தொலைந்துபோய் அதற்குப் பதில் பற்பசை மூடி ஒன்றைச் செருகியிருக்கிறார்கள். அது எங்கள் காலத்திலேயே செருகியது. ஞானமுத்து அண்ணன் வீட்டுப் பரணில் நாற்பது வருஷம் கிடந்த பெட்டியை அவர் மகன் எட்வின் இறக்கி, ஸ்பீக்கருக்குப் புதுக் காகிதம் ஒட்டி, வால்வ் மாற்றி, உயிர் கொடுத்திருக்கிறான். எல்லாவற்றையும் மாற்றினான், பற்பசை மூடியை மட்டும் மாற்றவில்லை. நல்ல பிள்ளை. நல்ல பிள்ளைதான், அதில் சந்தேகமே இல்லை, அதுதான் கஷ்டம்.

பழைய சத்தம் வேணும் ஆன்ட்டி, என்று மூன்று நாளாகப் போனில் சொல்கிறான். எழுபத்து மூன்றில் அவன் அப்பாவின் இன்னிசைக் குழு சென்னைக்கு வந்து இரண்டே நாளில் பதிவு செய்த எட்டுப் பாட்டு, ஐம்பதாவது வருஷத்துக்காக அதே எட்டையும் மறுபடி பதிவு செய்து இசைத்தட்டாகவே போடப் போகிறார்கள். பாட்டுக்கு ஆள் வந்தாயிற்று, தபலா வந்தாயிற்று, வயலின் ஆறு பேர். பேஸ் மட்டும் உட்காரவில்லை. சினிமாவில் வாசிக்கிற ஒருவரை மூன்று நாள் வைத்துப் பார்த்தார்கள். நேற்று அவர், இதுக்கு மேல என்னால ஆகாது சார், வேற கால்ஷீட் இருக்கு, என்று கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார். என்னைக் கூப்பிட்டது வாசிக்க இல்லை. பொன்னாடை போர்த்த. சபாபதி சாரோட மனைவி, நீங்க வந்து ஆசீர்வாதம் பண்ணணும் ஆன்ட்டி. வந்தேன். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து அவர்கள் பதிவு செய்து வைத்திருந்ததைக் கேட்டேன். சத்தம் குழைந்த சோறு மாதிரி இருந்தது. ஏன் என்று எனக்கு உடனே தெரிந்தது. பழசு என்றால் இருட்டு என்று நினைக்கிறார்கள். பழைய போட்டோ பழுப்பாக இருப்பது போலச் சத்தமும் பழுப்பாக இருக்கும் என்று நினைத்து மேல் சத்தத்துக்கான ட்ரெபிளை அடியோடு மூடிவிட்டு, அடிச் சத்தத்துக்கான பேஸைப் பத்து வரைக்கும் திருகிவிடுகிறார்கள். ஐம்பது வருஷமாகத் தேய்ந்த தட்டிலிருந்து கேட்டதை அன்றைய சத்தம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அன்றைக்கு அது பழைய சத்தம் இல்லை அப்பா. அன்றைக்குக் காலை அது அப்போதுதான் பிறந்த சத்தம், ஈரம் காயாத சத்தம், அதுவரைக்கும் உலகத்தில் இல்லாத சத்தம். நான் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, குமிழை நான் திருகறேன், என்றேன். எட்வின் சிரித்தான். மரியாதையான சிரிப்பு. உங்களுக்கு எதுக்கு ஆன்ட்டி சிரமம், காபி சொல்லவா. காபி வேண்டாம், ஒரு ஸ்டூல் போடு, கிட்டாரை எடு. கிட்டாரா, என்றான். ஒலிப்பதிவாளர் தீனதயாளன் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மைக்கில், குடுங்க சார், மேடம் ஆசைப்படறாங்க, என்றார். ஆசை. எழுபத்தாறு வயசுப் பெண்பிள்ளை எது கேட்டாலும் அது ஆசைதான்.

முதலில் பேஸ். பத்தில் நிற்கிறது. எட்டு, ஆறு, ஐந்து. கையில் குமிழ் கரகரக்கிறது, உள்ளே தூசி இன்னும் இருக்கிறது, இருக்கட்டும். ஒரு கம்பியைத் தட்டுகிறேன். கிட்டார் புதுசு, கம்பி மட்டும் எட்வின் தேடிப் பிடித்து வாங்கிய வழவழப்பான கம்பி. சாதாரணக் கம்பி திருகாணி மாதிரி வரிவரியாக இருக்கும், இது தட்டையாகச் சுற்றியது. விரல் அடியில் மீனின் முதுகு மாதிரி போகிறது. சரி, அந்த மட்டில் படித்திருக்கிறார்கள். நான்கு. மூன்று. கண்ணாடிக்குப் பின்னால் தீனதயாளன் புருவத்தைத் தூக்குகிறார், பேஸ் கிட்டாருக்குப் பேஸைக் குறைக்கிற கிழவியை அவர் பார்த்ததில்லை. குறைத்தால்தான் அது நிற்கும் தம்பி. தரை முழுக்கத் தண்ணீராக இருந்தால் எங்கே கால் வைப்பது. அடுத்தது மிடில். இதில்தான் குரல் இருக்கிறது, தொண்டை இருக்கிறது. ஐந்து, ஆறு, ஏழு. இங்கே. இங்கே ஒரு ஆள் எழுந்து நிற்கிற மாதிரி இருக்கிறது. என் முழங்கால் பெட்டியின் பக்கப் பலகையில் சாய்ந்திருக்கிறது. அன்றைக்கும் இப்படித்தான். அன்றைக்குப் பெட்டியின் முகம் சுவரைப் பார்த்து இருந்தது, ஒரு முழம் இடைவெளி. எல்லாரும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும், பேஸ் சத்தம் பாடுகிறவர் மைக்கில் ஏறிவிடக் கூடாது என்று ஞானமுத்து அண்ணன் பெட்டியைத் திருப்பி வைத்தார். பெட்டியோடு சேர்த்து என்னையும் திருப்பி உட்கார வைத்தார். இரண்டு நாள், எட்டுப் பாட்டு, நான் பார்த்தது சுவரில் அடித்திருந்த சாக்குத் துணியை மட்டும். என் சத்தம் சுவரில் பட்டு எனக்கே திரும்பி வந்தது. எனக்குப் பின்னால், சபாபதி ஒரு மடக்கு நாற்காலியில், வலது கையில் மாவுக்கட்டு.

மனசுக்குள் எப்போதும் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறேன். வாயால் ஒரு தடவைகூட இல்லை. சபாபதி. மின்வாரியத்தில் குமாஸ்தா, சனி ஞாயிறில் ஞானமுத்து குழுவில் பேஸ் கிட்டார். வேலைக்குப் போகிற நாளில் கிட்டார் எங்கள் படுக்கையறை மூலையில் நிற்கும். மத்தியானம் மாமியார் கூடத்தில் குறட்டை விடுகிற நேரம் பார்த்து அறைத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொள்வேன். ஆம்ப் இல்லாத பேஸ் கிட்டார் சத்தமே வராது, ஈ பறக்கிற மாதிரி இருக்கும். அதன் அடிப்பாகத்தை மர பீரோவின் கதவில் அழுத்திப் பிடித்தால் பீரோ முழுக்கப் பேசும். உள்ளே மடித்து வைத்த பட்டுப்புடவைகள் வழியாக, நாப்தலீன் வாசனை வழியாக, தும், தும், தூம். நான்கு வருஷம் அப்படி. எனக்குத் தமிழ் பி.ஏ.வில் கிடைத்த அசை சீர் எல்லாம் அங்கேதான் உபயோகத்துக்கு வந்தது. எங்கே அடிக்க வேண்டும் என்பதைவிட எங்கே அடிக்காமல் விட வேண்டும் என்பதில்தான் பாட்டு நடக்கிறது. ஒரு நாள் அவர் வாசித்துக்கொண்டிருந்தபோது, ஏங்க, சரணத்துல கீழேருந்து மேலே ஏன் குதிக்கிறீங்க, படியேறிப் போகலாமே, என்றேன். திரும்பிப் பார்த்தார். ஏறு பார்ப்போம், என்று கிட்டாரைக் கொடுத்தார். ஏறினேன். கிட்டாரை வாங்கி மூலையில் வைத்தார். பிறகு, சாப்பாடு வை, என்றார். அடுத்த வாரம் மேடையில் அவர் படியேறித்தான் போனார். கோபமில்லை, கோபம் இருந்திருந்தால் இன்று சுலபமாக இருக்கும். சென்னைப் பதிவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது பாலக்கரையில் சைக்கிளோடு விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். வேறு ஆளைப் போட்டால் அந்த ஆளே நிரந்தரமாகிவிடுவான் என்று அவருக்குப் பயம். மாவுக்கட்டோடு வந்து கட்டிலில் உட்கார்ந்து, நீ வாசி, என்றார். அதைச் சொன்னபோது அவர் குரலில் இருந்ததற்கு எனக்கு இன்னும் பேர் தெரியவில்லை. தமிழில் எத்தனை வார்த்தை படித்தேன்.

வால்யூம் நான்கு போதும். வால்வ் சூடேறி ஓரத்தில் லேசாக உறுமுகிறது, அது வேண்டும், அது நாக்கில் உப்பு மாதிரி. இப்போது ட்ரெபிள். பற்பசை மூடியில் விரலை வைக்கிறேன். திருகுகிறேன். ஒன்றும் மாறவில்லை. இன்னும் திருகுகிறேன். ஒன்றுமே மாறவில்லை. மாறாமல் இருக்குமா, மாறுகிறது, எனக்குத்தான் கேட்கவில்லை. போன வருஷம் காது டாக்டர் ஒரு அட்டையில் கோடு போட்டுக் காட்டினார், கோடு பாதி வரைக்கும் நேராக வந்து பிறகு கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கியது. மேல் சத்தம் எல்லாம் போயிடுச்சும்மா, குருவி, கொலுசு, குக்கர் விசில், இதெல்லாம் இனி குறைச்சலாத்தான் கேக்கும். மெஷின் கொடுத்தார். அது உலகத்தைத் தகரமாக்குகிறது, இன்று காலை கழற்றிக் கைப்பையில் போட்டுவிட்டுத்தான் வந்தேன். அப்படியானால் நான் எதைத் திருகுகிறேன். கண் தெரியாதவள் பொட்டு வைக்கிற மாதிரி. எட்வின் என் முகத்தைப் பார்க்கிறான், கடிகாரத்தைப் பார்க்கிறான். தலையை ஆட்டிக்கொண்டு, ஆங், இதுதான், என்று சொல்லிவிட்டு எழுந்துவிடலாமா. அவர்களும் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். பொன்னாடை போர்த்துவார்கள். இசைத்தட்டு உறையில், பேஸ் கிட்டார் எஸ். சபாபதி, அவர் நினைவாக, என்று வரும். எட்வின் என்னிடம் காட்டினானே, நேற்றே அச்சுக்குப் போய்விட்டது, அவர் படம்கூடப் போட்டிருக்கிறது, மேடையில் கிட்டாரோடு, முடியை முன்னால் தள்ளிவிட்டுக்கொண்டு. அழகாகத்தான் இருக்கிறார். அந்தப் படத்தைக் கொடுத்ததும் நான்தான். எதற்குக் கொடுத்தேன். கேட்டார்கள், கொடுத்தேன். கேட்டார்கள், தலையாட்டினேன்.

அன்றைக்குத் தலையாட்டினேனா. இதில்தான் ஐம்பது வருஷமாக வந்து வந்து தட்டி நிற்கிறேன். எட்டாவது பாட்டு முடிந்தது, எல்லாரும் கைதட்டினார்கள், நான் அப்போதுதான் சுவரிலிருந்து திரும்பினேன். ஞானமுத்து அண்ணன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, உறையில பேரு சபாபதின்னே போட்டுடுவோம், ஜனங்களுக்குப் பழகின பேரு, உனக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்லையேம்மா, என்றார். என்னைக் கேட்டார், அவரைப் பார்த்தார். அவளுக்கு என்ன ஆட்சேபம், என்றார் சபாபதி. நான் தலையாட்டினேன். அல்லது தரையில் கிடந்த ஒயரைச் சுருட்டக் குனிந்தேன். இரண்டில் ஒன்று. குனிந்ததைத் தலையாட்டியதாக எடுத்துக்கொண்டார்களா, தலையாட்டிவிட்டுக் குனிந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேனா. சில நாள் ஒயரின் சொரசொரப்பு உள்ளங்கையில் அப்படியே இருக்கிறது, அப்போது, பார், நீ குனியத்தான் செய்தாய், என்பேன். சில நாள் கழுத்தில் அந்த அசைவு இருக்கிறது. குனிந்தாய், ஆட்டினாய், குனிந்தாய். சரி, ஆட்டினேன் என்றே வைத்துக்கொள்வோம். இருபத்தாறு வயசில் ஒரு தடவை தலையாட்டினால் எழுபத்தாறு வரைக்கும் அதே பக்கமாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது. கொலு பொம்மையா நான். பிறகு வந்ததெல்லாம் அந்த ஒரு ஆட்டலில் வந்தது. ரேடியோவில் அந்த எட்டில் மூன்றாம் பாட்டு போட்டுப் போட்டுப் பிரபலமாகி, கல்யாண வரவேற்பில் எல்லாரும் சபாபதியிடம், சார் அந்தச் சரணம், அந்தப் படியேறுறது, என்று கேட்டார்கள். மணிக்கட்டு அவருக்குச் சரியாகக் கூடவே இல்லை. என் விரல்கள் போட்ட படியில் அவரால் ஏற முடியவில்லை. மேடையில் தடுக்கினார். வீட்டுக்கு வந்து என்னிடம் பேசமாட்டார். எனக்குப் பாவமாக இருந்தது, பாவமாக இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன், வாயை மூடிக்கொண்டதால் அவர் இன்னும் இறங்கினார். இரண்டு பேரையும் சேர்த்துத் தின்றது அந்த ஒரு வரி அச்சு. பேர் என்பது என்ன, நாலு எழுத்து, என்று சொல்கிறவர்கள் பேர் உள்ளவர்கள்.

தம்பி, என்றேன் மைக்கைப் பார்த்து. சொல்லுங்க மேடம். எனக்கு மேல் சத்தம் கேக்காது. சொன்னேன், சொல்லிவிட்டேன். எட்வின் முகத்தில், ஐயோ பாவம், என்று வந்துவிட்டது, வரட்டும். நான் வாசிக்கும்போது விரல் கம்பியில உரசுறது உங்களுக்குக் கேக்குதா? தீனதயாளன் ஹெட்ஃபோனை அழுத்திக்கொண்டார். இப்ப கேக்குது மேடம், நல்லாவே. பற்பசை மூடியைப் பின்னால் திருகினேன். இப்ப? கொஞ்சம். இப்ப? சுத்தமா இல்லை. அப்ப அந்தக் கொஞ்சத்துக்கு வர்றேன், நில்லுன்னு சொல்லுங்க. நில்லு மேடம், என்றார் அவசரத்தில், பிறகு ஐயோ சாரி, நில்லுங்க, என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. எட்வினும் சிரித்துவிட்டான். மூடியின் முனை மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் நின்றது. அவர்கள் மூன்று நாளாக அறுத்து எறிந்தது இதைத்தான், ஒரு மனுஷி அங்கே இருக்கிறாள் என்று காட்டுகிற அந்தச் சின்ன உரசல். கேட்காவிட்டால் என்ன. இரவல் காதில் கேட்டுக்கொள்கிறேன். முழங்கால் என்னுடையது. ஒரு கம்பியைத் தட்டி விட்டேன். தூ... ம்... ம்... என்று அது போய்க்கொண்டே இருந்தது, ஜவ்வு மாதிரி. சத்தம் சரி, நீளம் சரியில்லை. தீனதயாளனுக்கும் தெரிந்தது. டோன் வந்துடுச்சு மேடம், ஆனா அதுல ஒரு கட்டை மாதிரி, டொக்குனு நிக்குமே, அது என்ன பண்ணாலும் வரமாட்டேங்குது. கைப்பையைத் திறந்தேன்.

அது செருப்பு. சொல்லிவிட வேண்டியதுதான். பழைய ஹவாய் செருப்பின் குதிகாலிலிருந்து பிளேடால் அறுத்த ஒரு துண்டு, சுண்டுவிரல் கனம், நான்கு கம்பிக்கும் பத்துகிற நீளம். அன்றைக்கு முதல் பாட்டு ஒத்திகையில், சத்தம் இழுக்குதும்மா, பாடுறவர் வார்த்தையை முழுங்குது, என்று ஞானமுத்து அண்ணன் சலித்துக்கொண்டார். எல்லாரும் டீ குடிக்கப் போனார்கள். கைக்குட்டையை மடித்து வைத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. வாசலில் செருப்புகள் கிடந்தன. கூடத்தில் காலையில்தான் தேங்காய் உடைத்து, ஞானமுத்து அண்ணன் ஜெபமும் செய்து, ஆளாளுக்கு வாத்தியத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஆரம்பித்திருந்தார்கள். வாத்தியத்தைக் கால் தாண்டினாலே கன்னத்தில் போட்டுக்கொள்கிற கூட்டம். நான் என் செருப்பை எடுத்து, வயலின்காரர் பென்சில் சீவ வைத்திருந்த பிளேடால் அறுத்து, கம்பிக்கு அடியில், கம்பியைத் தாங்குகிற குதிரைப் பக்கத்தில் செருகினேன். நெடிலெல்லாம் குறிலாகிவிட்டது. டும். நின்றது. அடுத்த வார்த்தைக்கு இடம் விட்டு நின்றது. டீ குடித்துவிட்டு வந்த ஞானமுத்து அண்ணன், இதுதான், இதுதான், என்ன பண்ணின, என்றார். கையை மெதுவா வச்சேன், என்று சொன்னேன். சபாபதியிடம்கூடச் சொல்லவில்லை. பதிவு முடிந்ததும் உருவி முந்தானையில் முடிந்துகொண்டு, ஒற்றைச் செருப்பு குதியில்லாமல் எழும்பூர் வரைக்கும் நடந்தேன். சரஸ்வதியின் நெஞ்சில் செருப்பை வைத்தவள் என்று சொல்வார்கள் என்ற பயம். சபாபதியின் கை கூடாமல் போனபோது இதனால்தானோ என்றுகூட ஒரு நாள் அழுதிருக்கிறேன். படித்தவள்தான், அழுதேன். இன்றைக்குக் காலை குளியலறைச் செருப்பை அறுக்கும்போது அழவில்லை. சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துத்தான் வைத்திருக்கிறேன், அது சரஸ்வதிக்காக இல்லை, கம்பி துருப்பிடிக்கக் கூடாது என்று. ஆன்ட்டி, அது என்ன, என்றான் எட்வின். செருப்பு, என்றேன். செருகினேன்.

பிறகு மூன்றாம் பாட்டின் சரணத்தை வாசித்தேன். கட்டை விரலால், நகம் படாமல், கிட்டாரின் கழுத்தோரத்தில். இடது கை மோதிர விரல் மடங்காது, அதற்குப் பதில் நடு விரலை நீட்டினேன், வலி முழங்கை வரைக்கும் மின்சாரம் மாதிரி ஓடியது, ஓடட்டும். கீழ்ப்படியிலிருந்து ஒவ்வொன்றாக, ஒன்றையும் தாண்டாமல், நான்காவது படியில் ஒரு மூச்சு நின்று, பிறகு மேலே. பெட்டி முழங்காலோடு பேசியது. விரல்கள் கிழடாகிவிட்டன, சத்தம் ஆகவில்லை. எட்வின் அசையாமல் நின்றான். கண் நிறைந்திருந்தது. தீனதயாளன் கண்ணாடி அறையை விட்டு வெளியே வந்துவிட்டார், ஹெட்ஃபோன் கழுத்தில் தொங்க. அப்படியே சார் கை ஆன்ட்டி, என்றான் எட்வின், அப்படியே சபாபதி சாரோட கை, எவ்வளவு நாள் பக்கத்துல உக்காந்து பாத்திருந்தா இப்படி வரும். இவ்வளவும் அவருக்கே போய்ச் சேருகிறதா. இன்னும் நன்றாக வாசித்தால் இன்னும் அதிகமாக அவருடையது ஆகும். தலை தானாக ஆடப் பார்த்தது. கழுத்துக்குத் தெரிந்த ஒரே வேலை அது. பிடித்து நிறுத்தினேன்.

அது அவர் கை இல்லை, எட்வின். அன்னிக்கு அவர் கையில மாவுக்கட்டு. எட்டுப் பாட்டும் நான் வாசிச்சது. எட்வின், தீனதயாளனைப் பார்த்தான். ஆன்ட்டி, அப்பா அப்படி ஒண்ணும் சொன்னதே இல்லையே. சொல்லமாட்டார், அவர்தான் பேரைப் போட்டவர். சார் ஒரு பேட்டியிலகூட, என்று ஆரம்பித்தான். கம்பிக்கு அடியில் காட்டினேன். இதை உங்க அப்பா சொன்னாரா? எந்தப் பேட்டியிலயாவது இருக்கா? எடுத்துட்டு வாசிக்கட்டுமா? அவன் குனிந்து பார்த்தான். தீனதயாளன்தான், மெதுவாக, மூணு நாளா நாம தேடினது இதான் சார், என்றார். உறை பிரிண்டுக்குப் போயிடுச்சே ஆன்ட்டி, நாளைக்கு டெலிவரி, என்றான் எட்வின், அவன் குரல் நிஜமாகவே கெஞ்சியது, நல்ல பிள்ளை. நான் ஒயரை உருவினேன். பெட்டி ஒரு தடவை டப்பென்று இருமிவிட்டு அடங்கியது. ஒயரைச் சுருட்டவில்லை, குனியவில்லை. நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன். அப்ப பழுப்புச் சத்தத்தோடயே போட்டுக்கோப்பா, என்றேன். என் சத்தம் வேணும்னா என் பேரு வேணும். குமிழையெல்லாம் குறிச்சு வச்சுக்கோ, பேஸ் மூணு, மிடில் ஏழு, செருப்பையும் விட்டுட்டுப் போறேன். கட்டை விரலை விட்டுட்டுப் போக முடியாது. என்ன ஆன்ட்டி இப்படி, என்றான். எப்படி? இல்ல, நீங்க இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. எப்படிக் கேட்டிருப்ப, நான் சுவரைப் பாத்துல்ல உக்காந்திருந்தேன்.

அவன் வெளியே போய்ப் போன் பேசினான். கண்ணாடி வழியாகப் பார்த்தேன், கையை ஆட்டி ஆட்டி, நெற்றியைத் தேய்த்து. ஒத்துக்கொள்ளவில்லை என்றால். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போவேன், சோறு வடிப்பேன், அவ்வளவுதானே. இல்லை, அவ்வளவு இல்லை. அந்த எட்டுப் பாட்டைத் தவிர நான் இந்த உலகத்தில் செய்து வைத்தது ஒன்றுமில்லை. எழுதிய கவிதைகள் நோட்டோடு கரையானுக்குப் போயின, பிள்ளை இல்லை. இது போனால் நான் வந்ததற்கே தடயம் இல்லை. இருந்தாலும் ஆட்டோ பிடிப்பேன். தீனதயாளன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். செருப்பு ஐடியா யாருக்கு மேடம் வரும், என்றார். எனக்கு வந்தது, என்றேன். எட்வின் கதவைத் தலையால் தள்ளிக்கொண்டு வந்தான், போன் இன்னும் காதில். ஆன்ட்டி, பிரிண்டர் நிறுத்தி வச்சிருக்கார், பேரு எப்படிப் போடணும்? புனிதவதி சபாபதின்னு போட்டுடலாமா? வேண்டாம். புனிதவதி மட்டும். இனிஷியல்? க. எஸ் இல்லையா ஆன்ட்டி? க. எங்கப்பா கந்தையா. அவன் போனில் எழுத்து எழுத்தாகச் சொன்னான், பு, னி, த, வ, தி, இல்ல சார், சின்ன னி. நான் ஒயரைத் திருப்பிச் செருகினேன். பெட்டியின் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பட்டுமா என்று தீனதயாளன் கேட்டார். அன்றைக்கு அப்படித்தான் இருந்தது என்று படித்திருக்கிறாராம். பெட்டியை வேணும்னா திருப்பிக்கோங்க, என்றேன், ஸ்டூலைத் திருப்ப வேண்டாம். மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

சபாபதி எழுபத்தைந்தில் கிட்டாரை விற்றுவிட்டு ஈரோட்டுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். அதன்பிறகு எந்த வாத்தியத்தையும் தொடவில்லை. இரண்டாயிரத்து நான்கு ஆகஸ்டில் அங்கேயே மாரடைப்பில் இறந்தார். நாளிதழில் வந்த இறப்பு அறிவிப்பில், புகழ்பெற்ற பேஸ் கிட்டார் கலைஞர் என்று இருந்தது. அதை எழுதிக் கொடுத்தவள் நான்.